மீன் பெட்டியும் தூங்கும் வண்டியும்

உங்கள் பட்டறைகளில் இப்போது மீன் வண்டியைவிடத் தூங்கும் வண்டிக்குத்தான் ஆர்டர் அதிகம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். ஊர் சுற்றுகிறவர்கள் பெருகினால் தகடு வெட்டுகிறவனுக்கும் சோறு கிடைக்கும். ஆனால் உங்களில் பாதிப் பேர் என்னைப் போல மீன் பெட்டி கட்டிப் பழகியவர்கள். அந்தக் கையோடு மனிதர் படுக்கும் வண்டியைத் தொடப் போகிறீர்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தகடு வளைப்பதும் ரிவெட் அடிப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். ஒரே ஒரு வண்டியின் கதையை மட்டும் கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் திருவொற்றியூரில், லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் ஒரு பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் பாய்தான். காசிமேட்டில் இறங்கும் மீனை வெளியூருக்குக் கொண்டு போகும் வண்டிகளுக்குப் பெட்டி கட்டுவது எங்கள் வேலை. இரண்டு தகடு, நடுவில் நுரை, கதவைச் சுற்றி ரப்பர். உள்ளே ஐஸ் உருகக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டி முடிந்ததும் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி பட்டப்பகலில் பெட்டிக்குள் போய் நிற்பார். வெளியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார்கள். உள்ளே எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளிருந்து கதவை மூன்று தட்டு தட்ட வேண்டும். உடனே வெளியே விசில் பறக்கும், டீ வரும். இதற்கு ‘இருட்டு பார்ப்பது’ என்று பெயர். எங்கள் பட்டறையில் இருட்டு பார்த்த பெட்டி என்றால் காசிமேட்டில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமை எங்கள் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இந்தப் பட்டறைக்குத்தான் சேவியர் ஒரு வண்டியோடு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். பிறந்தது ராயபுரம், கல்யாணத்துக்குப் பிறகு எண்ணூர் பக்கம் வீடு. அவர் மனைவி பிலோமினாவுக்கு இழுப்பு நோய், ஆஸ்துமா. வருஷம் முழுக்க இருக்கும் தொல்லைதான், ஆனால் போகியன்று அது வேறு மாதிரி ஆகிவிடும். விடிவதற்குள் தெருவுக்குத் தெரு டயரைக் கொளுத்திவிடுவார்கள், அந்தம்மாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். போன போகிக்கு ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். இன்னொரு தடவை இந்தப் புகையில் இவரை வைத்திருக்காதீர்கள், உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமே என்று நான் கேட்டேன். சொந்தமெல்லாம் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும்தான், அங்கேயும் அதே புகைதான் என்றார் சேவியர். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகப் பிலோமினா சம்மதிக்கவில்லையாம். படுத்தால் மூச்சு முட்டும் என்று அந்தம்மா உட்கார்ந்துகொண்டே தூங்குகிறவர். ராத்திரி முழுவதும் இருமிக்கொண்டு அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்க அவருக்குக் கூச்சம்.

“அதான் பாய், வூட்டயே தூக்கிகினு போலாம்னு முடிவு பண்ட்டேன்” என்றார் சேவியர்.

அவர் கொண்டு வந்த வண்டி சினிமாப் படப்பிடிப்புக்கு ஓடிய பழைய கேரவன். மாதவரத்தில் லாரிகள் நிறுத்தும் இடத்தில் செடி முளைத்துக் கிடந்ததாம். என்ஜின் நன்றாக இருந்தது. உள்ளேதான் கண்றாவி. சுற்றிலும் பல்பு வைத்த முகக்கண்ணாடி, ஊறிப்போன சோபா, ஒழுகுகிற கூரையை மறைக்க ஒரு பொய்க்கூரை, எலி குடும்பம் நடத்திய குளியலறை, பின்னால் கறுப்புப் புகை கக்கும் ஜெனரேட்டர். எங்கள் முதலாளிக்கு இதைப் பார்த்ததும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. சோபாவைப் புதுப்பிக்கலாம், டிவி மாட்டலாம், கூரையில் கலர் விளக்கு ஓட்டலாம் என்று அடுக்கினார். சேவியரும் தலையாட்டத் தொடங்கினார்.

நான் இடையில் புகுந்து, அந்தம்மா என்ன மேக்கப் போட்டுக்கொண்டா தூங்கப் போகிறார் என்று கேட்டேன். முதலாளிக்கு முகம் சுருங்கியது, ஆனால் சேவியர் சிரித்துவிட்டார். கட்டில், கட்டிலுக்குக் கீழே பெட்டி, ஒரு தண்ணீர் டிரம், தலைமாட்டைத் தூக்கி வைக்க ஒரு பலகை. மற்றதெல்லாம் வெளியே என்று முடிவானது. டீசல் வாடை ஆகாது என்பதால் ஜெனரேட்டரையும் அதோடு ஓடிய ஏசியையும் கழற்றினோம். குளியலறையைப் பிடுங்கியதில்தான் கட்டிலுக்கு நீளம் கிடைத்தது. போகிற இடமெல்லாம் கோயில் மண்டபம் இருக்கிறது, பெட்ரோல் பங்க் இருக்கிறது, அது எங்கள் பாடு என்றார் சேவியர். வண்டி எலும்புக்கூடாக நின்றபோது எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் முதல் பாடம் என்று அன்றைக்கு நினைத்தேன். பாதிதான் சரி.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. தூசு படக் கூடாது, பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வண்டியை மூடும் வேலை முழுவதும் நான் இல்லாதபோதுதான் நடந்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. தினமும் வந்து நின்ற சேவியர் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்: ஒரு பொட்டுப் புகை உள்ளே வரக் கூடாது. நம் ஆட்களிடம் போய் ஒரு பொட்டுக் காற்று நுழையக் கூடாது என்று சொன்னால் கேட்க வேண்டுமா? தவளையைத் தண்ணீரில் தள்ளிய கதைதான். பழைய ஜன்னல்கள் ஒழுகுகின்றன என்று தகடு வைத்து மூடினார்கள். டிரைவர் சீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே முழுச் சுவர் எழுப்பினார்கள், மீன் வண்டியில் அப்படித்தானே இருக்கும். நுரை நிரப்பினார்கள். கதவுக்கு இரட்டை ரப்பர் போட்டார்கள். அசையாத, ஆடாத, அழகான வேலை. தினமும் வந்து பார்த்த சேவியருக்கும் அது அவர் கேட்ட மாதிரியே இருந்தது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்காமல் வண்டியின் இடது பக்கம் பட்டறைப் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்.

போகிக்கு முந்தின நாள் வண்டியைக் கொடுப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் கிளம்பினால் தெருக்கள் எரியத் தொடங்குவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிடலாம். இருட்டு பார்க்க மேஸ்திரிதான் வர வேண்டும் என்று எனக்கு ஆள் விட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் போய் இறங்கினேன். பட்டறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ராயபுரத்திலிருந்து சேவியரின் சொந்தங்கள் வந்திருந்தார்கள். வண்டியை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பாதிரியார் வந்திருந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிலோமினா ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சின்னப் பிள்ளைகள் போகி மேளத்தைத் தட்டித் தட்டிக் காதைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே போனேன். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம்கூட மெலிதாகத்தான் கேட்டது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. முதலில் என் புதுக் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கையை மூக்குக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. என் பையன்கள் இப்படிக் கட்டியிருக்கிறார்களே என்று நெஞ்சு விம்மியது, பொய் சொல்லவில்லை. மூன்று தட்டு தட்டினேன்.

கதவு திறக்கவில்லை.

மீன் பெட்டியில் வெறும் தகட்டில் தட்டினால் தெருவுக்கே கேட்கும். இங்கே கதவின் உட்புறம் பஞ்சு வைத்து மெத்தை மாதிரித் துணி ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் தட்டினால் தலையணையைத் தட்டியது போல இருந்தது. வெளியே பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்திருக்கிறார், எல்லோரும் தலை குனிந்து நிற்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். திறந்துகொண்டு வெளியே போகலாம் என்று கைப்பிடியைத் தேடித் தடவினேன். மேலே தடவினேன், கீழே தடவினேன். கைப்பிடி இல்லை. எப்படி இருக்கும்? மீன் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போகப் போகிறதா என்ன. நாங்கள் வாழ்நாளில் ஒரு கதவுக்கும் உள்பக்கம் கைப்பிடி வைத்ததில்லை.

பசை வாடை தொண்டையைப் பிடித்தது. சட்டை முதுகில் ஒட்டியது. எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஜெபம் முடிந்ததும் திறப்பார்கள் என்று அறிவு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. அந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இதில் இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விடப் போகிறார்கள். அதில் ஒருவருக்கு வெளியே, நல்ல காற்றிலேயே மூச்சு போதாது. புகைக்குப் பயந்து ஓடுகிற பெண்ணை நாங்கள் ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் போகிறோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தாலாவது பரவாயில்லை, நாங்கள் பிடித்தது எமனை.

கதவு திறந்தது. விசில் அடித்தார்கள். நான் கீழே இறங்கி, இந்த வண்டியை இப்படியே கொடுக்க முடியாது என்றேன். சேவியருக்கும் கேட்கிற மாதிரியேதான் காரணத்தைச் சொன்னேன். விசில் பாதியில் நின்றது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தப்பைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. மாலையும் கழுத்துமாக ஆட்கள் நிற்கும்போது அதற்கு என்ன செய்வது என்பதுதான் விஷயம். முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், இன்றைக்குக் கொடுத்தனுப்பிவிடலாம், பொங்கல் கழித்துத் திரும்பி வரும்போது ஓட்டை போட்டுக்கொள்ளலாம், அதுவரை கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஊரில், ரோட்டோரத்தில், வயசான ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு யார் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்கள்? கொசு கடித்தால் மூடுவார்கள். நாய் குரைத்தால் மூடுவார்கள். அப்படி ஒரு ராத்திரி மூடினால் போதும், காலையில் திறக்க ஆள் இருக்காது.

சரி, நாளை கொடுக்கலாம் என்றால் சேவியர் உடைந்துபோனார். “நாளிக்கு போகி பாய். இவ்ளோ நாள் இன்னாத்துக்கு அலைஞ்சேன்?” என்றார். அவரும் சொல்வது சரிதான். ஆக, பாக்கி இருந்தது ஒரே வழி. இன்றைக்கே, இந்தப் பெயிண்ட் காயாத வண்டியை வெட்டி, பொழுது சாய்வதற்குள் அனுப்ப வேண்டும்.

வெட்டுவது என்றதும் முதலாளி வெடித்தார். கீழே காற்று நுழைய ஒரு துவாரம், கூரையில் வெளியேற ஒன்று. கீழ்த் துவாரத்தை சைலன்சர் இருக்கிற வலது பக்கம் வைக்க முடியாது, வைத்தால் வண்டிப் புகையே உள்ளே வரும். இடது பக்கம் சட்டங்களைத் தவிர்த்துப் பார்த்தால் வெட்டத் தோதான இடம் பட்டறைப் பெயரின் நட்ட நடுவில் வந்து நின்றது. “கடை பேர்லயே கத்தி வெப்பியா பாய்? அப்டி வெட்னா இனிமே இந்தப் பக்கம் வராத” என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார். இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் கோபத்துக்குக் கோபம் காட்டினால் பொழுதுதான் போகும் என்று வாயை அடக்கிக்கொண்டேன்.

நீங்களும் ஒரு தடவை இருட்டு பார்த்துவிடுங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். பட்டறை முதலாளியாக இருந்தும் அவர் ஒருநாளும் பெட்டிக்குள் நின்றதில்லை. வீறாப்பாக ஏறினார். நானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் தட்டுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. காதுக்குக் கேட்கவில்லை. நான் உடனே திறக்கவில்லை. பையன்கள் என்னையே பார்த்தார்கள். தட்டு வேகமானது. அப்போதுதான் திறந்தேன். முதலாளி வியர்வையில் குளித்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகப் போய்ப் பிலோமினாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் அந்தம்மாவிடம் போனேன். இவ்வளவு நாளில் நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாப் பேச்சும் சேவியரோடுதான். உள்ளே போய்ப் பார்த்தாயா தங்கச்சி என்று கேட்டேன். காலையிலேயே பார்த்தாராம்.

“உள்ள மூச்சு முட்டுச்சு பாய். எனக்குத்தான் எங்க போனாலும் முட்டுமே. வண்டியில தப்புன்னு நா எப்டி நெனைப்பேன்?”

இதைக் கேட்டு சேவியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி திரும்பி என்னிடம், “வெட்டு பாய்” என்றார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதவரத்தில் பஸ் பாடி கட்டும் நண்பர் ஒருவரிடம் கூரையில் திறந்து மூடும் மூடி ஒன்று கேட்டோம், போட்டது போட்டபடி பைக்கில் கட்டிக் கொடுத்தனுப்பினார். முதலாளியே கட்டரை எடுத்துத் தன் கடைப் பெயரில் முதல் வெட்டைப் போட்டார். கொசுவலை, மழைக்கு ஒரு மடல். கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி, இருட்டில் தடவினாலும் கைக்கு அகப்படுகிற உயரத்தில். நடுச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், ஓட்டுகிற கணவரை அந்தம்மா பார்த்துக்கொள்ள. ராயபுரத்துச் சொந்தங்கள் பிரியாணிப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு டார்ச் அடித்தார். யாரும் சாப்பிடவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை. அவசரத்தில் வெட்டிய விளிம்பு கோணல்மாணலாகத்தான் இருந்தது. அழகு பார்க்கிற நாள் அது இல்லை.

வெயில் இறங்கியபோது நான் பிலோமினாவை உள்ளே படுக்கச் சொன்னேன். கதவை நாங்கள் மூடவில்லை. நீயே மூடு, நீயே திறந்து வா என்றேன். மூடினார். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். பசை வாடை கூரை வழியாக வெளியே வருவது எங்கள் மூக்குக்கே தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துக் கைப்பிடி திரும்பியது, அந்தம்மா இறங்கி வந்தார். முந்தானை மூக்கில் இல்லை. பசை வாடை போகும்வரை கூரை மூடி, கீழ் மடல் இரண்டையும் திறந்து வைத்தே ஓட்டச் சொல்லி அனுப்பினோம். எங்கோ ஒரு தெருவில் முதல் டயரைப் பற்ற வைத்துவிட்டார்கள், புகை எழுந்தது. வண்டி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது.

தூங்கும் வண்டி கட்டுகிற உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க இருப்பது அந்த ஒரே சோதனைதான். அதில் படுக்கப் போகிறவர் யாரோ அவரையே உள்ளே படுக்க வைத்து, அவர் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்காதீர்கள், எவ்வளவு பாசமுள்ளவராக இருந்தாலும் சரி. சேவியரைவிடப் பாசமுள்ள ஆளை நான் பார்த்ததில்லை.

போகிப் புகை ஊரை மூடிக் கிடந்த காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. தெற்கே ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து பேசினார். அழுகிற குரலாக இருந்தது. என்ன ஆயிற்று என்றேன்.

“விடியக்காலம் முழிப்பு வந்துச்சு பாய். அவ இழுக்குற சத்தமே கேக்கல. முப்பது வருசமா அதக் கேட்டுக்கினே தூங்குனவன். போய்ட்டாடான்னு நெனச்சு தொட்டுப் பாத்தேன்.”

“அப்புறம்?” என்றேன்.

“படுத்துகினு தூங்குது பாய்” என்றார்.